இழைக்கலையும் மொழியும்: படிக்க ஒப்புக்கொண்டவர் யார்?

நூல், கயிறு, துணி, கம்பளி கொண்டு செய்யப்படும் இழைக்கலை, பேச்சையும் எழுத்தையும் தன் பொருளாக எடுத்துக்கொள்வது புதிதல்ல. இந்த முயற்சிகளில் மூன்று வகை தெரிகிறது. துணியில் எழுத்துகளையே தைப்பது ஒன்று. எழுத்தை விட்டுவிட்டு முடிச்சு, நிறம், பாவு, ஊடை ஆகியவற்றைக் குறிகளாக்குவது இன்னொன்று. பேச்சு எட்டாத இடத்தில் இழையை வைப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் 'நூலின் மொழி' என்று சொல்லிவிடுவது கலை விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: இந்தக் குறிகளைப் படிக்க ஒப்புக்கொண்டவர் யார்? குறைந்தது இரண்டு பேருக்கு இடையில் ஓர் ஏற்பாடு இருந்தால்தான் எதுவும் மொழியாகும். அந்த ஏற்பாடு இருந்த இடங்களில் இழை வியப்பூட்டும் துல்லியத்தோடு பேசியிருக்கிறது. இல்லாத இடங்களில் பெரும்பாலும் பேசுபவர் விமர்சகர்தான்.

ஏற்பாடு முழுமையாக இருந்ததற்குச் சிறந்த சான்று ஆண்டிஸ் மலைநாட்டின் கிப்பு. இன்கா அரசு தன் வரிக்கணக்கு, மக்கள்தொகை, களஞ்சிய இருப்பு ஆகியவற்றை முடிச்சிட்ட கயிறுகளில் வைத்திருந்தது. ஒரு முதன்மைக் கயிறு, அதிலிருந்து தொங்கும் கிளைக் கயிறுகள், சிலவற்றில் கிளைக்கும் கிளை. இதன் எண் முறையை 1912இல் லீலண்ட் லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கினார். தொங்கும் கயிற்றின் கீழ்ப்பகுதி ஒன்றாம் இடம். மேலே போகப் போகப் பத்தாம் இடம், நூறாம் இடம். மேல் இடங்களில் தனி முடிச்சுகளை எண்ணினால் போதும். ஒன்றாம் இடத்தில் மட்டும் முடிச்சின் வகை மாறும். இரண்டு முதல் ஒன்பது வரையான எண்களுக்கு அத்தனை சுற்றுகள் சுற்றிய நீண்ட முடிச்சு. ஒன்று என்ற எண்ணுக்கு எட்டு வடிவ முடிச்சு. முடிச்சு இல்லாத இடைவெளி பூஜ்யம். ஒன்றாம் இடத்து முடிச்சு வேறு மாதிரி இருப்பதால் ஓர் எண் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரிந்துவிடும்.

கிப்பு கணக்கோடு நின்றுவிடவில்லை. ஸ்பானியர் ஆட்சியின் தொடக்கத்தில் கிப்பு படிப்பவர்கள் நீதிமன்றத்தில் கயிற்றைப் பார்த்துச் சாட்சி சொன்னார்கள். எழுத்தர் அதைத் தாளில் பதிந்தார். அதே ஆட்சியின் திருச்சபைதான் 1583இல் லிமாவில் கூடி, பழைய வழிபாட்டோடு தொடர்புடைய கிப்புகளை அழிக்கச் சொன்னது. இன்று உலக அருங்காட்சியகங்களில் எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்கும் மேல். கதையோ கடிதமோ சொல்லும் கிப்புகளை யாராலும் படிக்க முடியவில்லை. பெரு நாட்டின் சான் ஹுவான் தெ கொல்லாத்தா என்ற மலைக்கிராமத்தார் தங்கள் முன்னோரின் போர்க்கடிதங்கள் என்று காத்துவந்த இரண்டு கிப்புகளைப் பற்றி சபீன் ஹைலண்ட் என்ற மானிடவியலாளர் 2017இல் ஆய்வு வெளியிட்டார். நிறம், இழை, முறுக்கின் திசை மூன்றும் சேர்ந்து அவற்றில் 95 வேறுபட்ட குறிகள் இருப்பதாக அவர் கணக்கிட்டார். இழைகள் விக்குன்யா, அல்பாக்கா, லாமா, மான் எனப் பல விலங்குகளின் உரோமம். எது எந்த விலங்கினுடையது என்பதைக் கையால் தொட்டுத்தான் அறிய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் விளக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கும் ஆய்வாளருக்கு அந்தக் குறிகளில் ஒரு பகுதி தெரியவே தெரியாது.

கிப்புவின் வலுவும் குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. படிப்பவர் கூட்டம் இருந்தவரை அது பேரரசையே நடத்தியது. படிப்பவர் போனதும் அழகான கயிற்றுக் கற்றையாக மிஞ்சிவிட்டது. இன்றைய கலைஞர்கள் பலர் அதை எடுத்தாளும்போது இந்த இழப்பை மறந்துவிட்டு, கிப்பு இன்னும் எதையோ 'சொல்வதாக' எழுதுகிறார்கள். இதில் சிலி நாட்டுக் கவிஞரும் கலைஞருமான செசிலியா விக்குன்யா வேறுபட்டுத் தொடங்கியவர். 1948இல் சாந்தியாகோவில் பிறந்த அவர், இளம் வயதிலேயே முடிச்சில்லாத வெறும் கயிறு ஒன்றை 'எதையும் நினைவில் வைக்காத கிப்பு' என்று கருதிப்பார்த்தார். படிக்க முடியாமல் போனதைப் படிக்க முடிவதாகக் காட்டாத நேர்மை அந்தச் சின்னக் கருத்தில் இருக்கிறது. 2022இல் லண்டன் டேட் மாடர்ன் கூடத்தில் சுமார் 27 மீட்டர் உயரத்திலிருந்து அவர் தொங்கவிட்ட பெருங்கிப்புகள் பார்ப்பவரை நிறுத்திவைப்பவை. ஆனால் அங்கே அழிந்த காடுகளையும் பழங்குடிகளையும் பற்றிய செய்தியைச் சுமந்தவை உடன் ஒலித்த பாடல்களும் ஓடிய காணொளிகளும்தான். கம்பளி வந்தவரைச் சூழலுக்குள் இழுத்தது, அவ்வளவே. அளவு பெரிதாகப் பெரிதாக இழையின் வேலை குறைந்துபோன ஓர் எடுத்துக்காட்டாக அதைக் கொள்ளலாம்.

எழுத்தைத் தைக்கும் மரபு முற்றிலும் வேறு வழியில் வந்தது. ஐரோப்பியச் சிறுமியர் தையல் பழகும் துணியில் அகரவரிசை, எண்கள், ஒரு வேத வசனம், கடைசியில் தன் பெயரும் வயதும் தைப்பார்கள். தமிழ் வீடுகளின் முன்கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய 'நல்வரவு' இந்தக் குடும்பத்தின் தூரத்துச் சொந்தம். ரோஸிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட 'தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்' என்ற நூல் இந்த மரபின் இரட்டைத்தன்மையை எடுத்துச்சொன்னது: குனிந்த தலையோடு பேசாமல் உட்காரப் பெண்ணைப் பழக்கிய அதே ஊசி, அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் கருவியாகவும் ஆனது. பின்வந்த விமர்சகர்கள் இதில் இரண்டாம் பாதியை மட்டும் ஆர்வமாக எடுத்துக்கொண்டார்கள். அடக்கம் பழக்கிய பாதி அவர்கள் எழுத்தில் மங்கிப்போனது.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள எலிசபெத் பார்க்கரின் துணி இந்த மரபின் உச்சம். இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் ஆஷ்பர்ன்ஹாம் என்ற ஊரைச் சேர்ந்த அந்தப் பெண், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில், லினன் துணியில் சிவப்புப் பட்டுநூலால் தன் கதையைத் தைத்தார். அலங்காரக் கரை இல்லை, பூ இல்லை, பறவை இல்லை. மேலிருந்து கீழே வரி வரியாக எழுத்து மட்டும். தனக்கு எழுத வராது என்று தைத்தே தொடங்குகிறார். வேலைக்குப் போன வீட்டில் எசமானன் செய்த கொடுமை, உயிரை விடத் துணிந்த எண்ணம், அதைப் பாவம் என்று அஞ்சிய அச்சம் எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசி வாக்கியம் தன் ஆன்மாவின் கதி என்னாகும் என்று கேட்டு நடுவில் நிற்கிறது. அதற்குக் கீழே துணி வெறுமையாக இருக்கிறது.

இந்தத் துணியில் கவனிக்க வேண்டியது தையலின் முறை. கிராஸ் ஸ்டிட்ச் தையலில் ஒவ்வொரு பெருக்கல் குறிக்கும் ஊசி இரண்டு முறை மேலே வந்து இரண்டு முறை கீழே போக வேண்டும். ஒரு சிறிய எழுத்துக்கே அப்படிப் பல குறிகள் வேண்டும். பேனாவில் ஒரு நிமிடத்தில் முடியும் வரி ஊசியில் ஒரு பொழுதை எடுத்துக்கொள்ளும். 'சாக' என்று தைக்கத் தொடங்குபவர் அந்தச் சொல் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும், மன உளைச்சலில் எழுதுபவரின் கையெழுத்து கோணும், அழுந்தும், சாயும். கிராஸ் ஸ்டிட்ச் துணியின் இழைகளை எண்ணிப் போடுவதால் அதற்கு இடமே தராது. துயரத்தின் உச்சத்தைச் சொல்லும் வரியும் முதல் வரியைப் போலவே நிமிர்ந்து நிற்கிறது. சொல்லப்படுவதற்கும் எழுத்தின் தோற்றத்துக்கும் இடையிலான இந்த முரண் தாளில் கிடைக்காது. இழை தரும் தனிப் பயன் இது.

ஆனால் இதே துணி விமர்சகரை எளிதில் வழுக்கவும் வைக்கிறது. பாதியில் நின்ற வாக்கியத்தையும் கீழே உள்ள வெற்றுத் துணியையும் பார்த்தவர்கள் அந்தப் பெண் இறந்துபோயிருப்பார் என்று கற்பனை செய்தார்கள். அவர் இறக்கவில்லை, அதே ஊர்ப்பக்கம் பள்ளி ஆசிரியையாக முதுமைவரை வாழ்ந்தார் என்று பின்னால் தெரியவந்தது. துணியில் உள்ள நடையும் முழுக்கத் தன்னிச்சையானது இல்லை. பாவத்தை ஒப்புக்கொள்ளல், சோதனை, இரக்கம் கேட்டல் என்பது அன்றைய கிறித்தவப் பக்தி எழுத்தின் படிமுறை. ஊசி மெதுவாகப் போவதால் அது சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இழைக்கலை விமர்சனத்தில் சத்தமில்லாமல் ஊறியிருக்கிறது. மெதுவாகச் செய்யப்பட்ட எதையும் மனமுருகிச் செய்யப்பட்டதாக எடுத்துக்கொள்வது பார்ப்பவரின் பழக்கம். அதற்குத் துணியில் ஆதாரம் இல்லை.

ஆக்னஸ் ரிஷ்டரின் மேற்சட்டை இன்னும் கடினமான வழக்கு. தையற்காரியான அவர் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஹூபர்ட்டஸ்புர்க் மனநல விடுதியில் அடைக்கப்பட்டிருந்தார். 1895ஐ ஒட்டிய காலத்தில், விடுதித் துணியில் தன் அளவுக்குத் தானே ஒரு சட்டை தைத்து, அதன் உள்ளும் புறமும் பழைய ஜெர்மன் சாய்வெழுத்தில் வண்ண நூலால் எழுதினார். இப்போது அது ஹைடல்பெர்க் நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பிரின்ட்ஸ்ஹோர்ன் திரட்டிய தொகுப்பில் இருக்கிறது. உடல் படும் உட்புறத்தில் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக வரிகள் ஏறியிருப்பதால் ஜெர்மன் தெரிந்தவர்களாலேயே தொடர்ந்து படிக்க முடிவதில்லை. 'நான்', 'என்' போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது; 583 என்ற எண்ணும் தெரிகிறது.

இந்தச் சட்டையை வெளியுலகுக்கு அனுப்பிய மறைகடிதம் என்றும், அடங்க மறுத்த பெண்ணின் கலகம் என்றும், நோயின் அடையாளம் என்றும் மூன்று தரப்பினர் மூன்று விதமாகப் படித்திருக்கிறார்கள். எழுத்து உட்பக்கம் உடலைப் பார்த்தபடி இருப்பதையும், அணிந்து அணிந்து அது தேய்ந்திருப்பதையும் யோசித்தால், இதற்கு வாசகர் ஒருவரே, அது தைத்தவர்தான் என்ற முடிவு மற்ற மூன்றையும்விடப் பொருந்துகிறது. தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பேச்சை எட்டிக் கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சங்கடத்தைச் சொல்லாமல் 'ஆக்னஸின் குரல் இன்று நமக்குக் கேட்கிறது' என்று எழுதுவது எளிது. அவர் யாரையும் கேட்க அழைத்ததற்கான தடயம் சட்டையில் இல்லை.

சிலி நாட்டில் அர்பியேரா என்று அழைக்கப்படும் துணிப்படங்களில் வாசகர் யார் என்பதில் ஐயமே இல்லை. 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுப் பெண்களும் குடும்பத்தார் வேலை இழந்த குடிசைப் பகுதிப் பெண்களும் 1974 முதல் சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்துப் படங்கள் செய்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவு அமைப்புகள், 1976 முதல் விக்காரியா தெ லா சொலிதாரிதாத், பட்டறை நடத்தி அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பி விற்றுத் தந்தன. பின்னணியில் ஆண்டிஸ் மலை, மேலே சூரியன், முன்னால் பொதுச் சமையல் அண்டா, பூட்டிய தொழிற்சாலை, 'எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்கும் பதாகையோடு பொம்மை அளவில் தைத்த பெண்கள். சில படங்களின் பின்புறம் சின்னப் பை ஒன்று தைத்து, முன்புறப் படம் எதைக் காட்டுகிறது என்று எழுதிய துண்டுக் காகிதத்தை அதற்குள் மடித்து வைத்திருப்பார்கள். முன்பக்கம் சுங்க அதிகாரிக்குக் குழந்தைத்தனமான கைவேலை. பின்பக்கம் வாங்குபவருக்குக் கடிதம். துணிக்கு இரண்டு பக்கம் உண்டு என்ற எளிய உண்மையைத் தணிக்கைக்கு எதிராக இதைவிடத் திறமையாகப் பயன்படுத்திய கலை வேறு இல்லை.

இதன் குறை, அதன் வெற்றியிலிருந்தே வந்தது. வெளிநாட்டு ஆதரவாளர் எதை விரும்பி வாங்கினாரோ அது திரும்பத் திரும்பத் தைக்கப்பட்டது. மலையும் சூரியனும் மாறாத வாய்பாடாயின. பட்டறை நடத்தியவர்களின் தேர்வும் இதில் கலந்திருந்தது. தைத்தவர்களில் பலருக்கு இது முதலில் அடுப்பெரிய வைத்த கூலி, அதன் பிறகே எதிர்ப்பு. 'குரலற்றவர்களின் குரல்' என்ற வழக்கமான பாராட்டு கூலியைப் பற்றி வாய்திறப்பதில்லை. வீட்டுச் செலவுக்காகத் தைக்கப்பட்டது என்பதால் அர்பியேராவின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் ஒரே படம் ஏன் நூறு முறை வந்தது என்பதற்கு விளக்கமே கிடைக்காது.

இன்று எழுத்தைத் தைப்பது சமூக ஊடகக் காலத்துக்கு ஏற்ற எதிர்ப்பு வடிவமாகிவிட்டது. அமெரிக்காவில் 2018இல் டயானா வேமர் தொடங்கிய 'டைனி ப்ரிக்ஸ்' திட்டத்தில் பலர் டொனால்ட் டிரம்பின் வாசகங்களைப் பழைய கைக்குட்டைகளிலும் மேசைத் துணிகளிலும் தைத்தார்கள். பூப்போட்ட துணியில் முரட்டுச் சொல் என்ற முரண் முதல் பத்துத் துணிகளில் சிரிப்பையும் கோபத்தையும் தருகிறது. நூறாவது துணியில் முரண் பழகிவிடுகிறது. வாசகம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தது. ஊசி அதில் எதையும் கூட்டவில்லை. படம் எடுத்துத் திரையில் ஏற்றியதும், தையல் எடுத்துக்கொண்ட மணிநேரமெல்லாம் ஒரு விநாடியில் விரல் கடந்துபோகும் படமாகிவிடுகிறது.

மெக்சிகோவில் 2011இல் எழுந்த கைக்குட்டை இயக்கம் இதனோடு ஒப்பிடத்தக்கது. மெக்சிகோ நகரின் கொயோவாக்கான் சதுக்கத்தில் 'ஃபுவெந்தெஸ் ரோஹாஸ்' என்ற குழுவினர் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, போதைப்பொருள் போரில் கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை என்று தைத்தார்கள். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால் எங்கே, எப்போது, எப்படி என்பது மட்டும். கொல்லப்பட்டவருக்குச் சிவப்பு நூல், காணாமல் போனவருக்குப் பச்சை நூல் என்ற வழக்கு மற்ற ஊர்களுக்கும் பரவியது. வழியில் போகிறவர் யாரும் உட்கார்ந்து, பாதியில் நிற்கும் வரியைத் தொடரலாம். செய்தித்தாளில் இரண்டு வரியாகப் போன ஒரு சாவு, முன்பின் தெரியாத ஒருவரின் பிற்பகல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. டைனி ப்ரிக்ஸில் வீணான நேரம் இங்கே கைக்குட்டையின் உள்ளடக்கமாகவே மாறிவிடுகிறது. நிறம் பற்றிய உடன்பாடும் தைப்பவர்களுக்கு நடுவே தோன்றியது. பின்னால் வந்த கலை வல்லுநர் கண்டுபிடித்தது இல்லை.

எழுத்துப் போலத் தோன்றி எழுத்தாகாமல் நிற்கும் நெசவுகள் தனி வகை. 1899இல் பெர்லினில் பிறந்த ஆனி ஆல்பெர்ஸ் 1922இல் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தபோது பெண்களுக்குப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது நெசவுப் பட்டறை. அவர் அங்கே விருப்பத்தோடு போகவில்லை. 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் அந்தப் பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்காவின் பிளாக் மௌன்டன் கல்லூரிக்குப் போனார். மெக்சிகோவின் பழைய கல்வெட்டுகளைப் பார்த்த பிறகு 1936இல் 'பண்டை எழுத்து' என்று தலைப்பிட்ட துணியை நெய்தார். 1965இல் வெளிவந்த அவருடைய 'ஆன் வீவிங்' நூலைப் பழம் பெரு நாட்டு நெசவாளர்களுக்குக் காணிக்கையாக்கினார். நியூயார்க் யூத அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன்பேரில் 1966–67இல் அவர் நெய்த 'ஆறு பிரார்த்தனைகள்', கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களுக்கான நினைவுப் பணி. ஆறு உயரமான பலகைகள். பருத்தி, லினன், வெள்ளி இழை. பாவின் மேல் மிதக்கும் கறுப்பு வெள்ளை ஊடை, வரிகளைப் போல இடமும் வலமும் ஓடித் திரும்புகிறது. தோராச் சுருளைப் பார்ப்பது போன்ற உணர்வு வருகிறது. கிட்டே போனால் ஒரு எழுத்தும் இல்லை.

இது எந்தச் செய்தியையும் மறைக்கவில்லை. படிக்கச் சொல்லவும் இல்லை. அந்த இழப்புக்கு முன் எழுத்துக்கு எல்லை உண்டு என்பதை, எழுத்தின் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு காட்டுகிறது. ஆல்பெர்ஸின் வலு இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அவரைப் பின்பற்றிய பலரிடம் படிக்க முடியாத தைத்த வரிகள் ஆழம் என்பதற்கான சுருக்குவழியாகிவிட்டன. கண்காட்சியின் சுவர்க் குறிப்பு இல்லாவிட்டால் ஒரு துணி துயரத்தைப் பற்றியதா காதலைப் பற்றியதா என்று சொல்ல முடியாத நிலை அங்கே வருகிறது. அப்படிப்பட்ட படைப்புகளில் மொழி இருக்குமிடம் சுவர்க் குறிப்பு.

சார்டினியத் தீவைச் சேர்ந்த மரியா லாய் (1919–2013) இந்த வகையையும் செய்தார், அதற்கு நேர் எதிரானதையும் செய்தார். 1970களின் பிற்பகுதியிலிருந்து அவர் செய்த 'தைத்த புத்தகங்கள்' துணித்தாள்களில் ஓடும் கறுப்பு நூல் வரிகள். ஓரத்தில் நூல் அறுபடாமல் பக்கத்திலிருந்து வழிந்து தொங்கும். அழகானவை, ஆனால் மேலே சொன்ன ஐயம் அவற்றுக்கும் பொருந்தும். அவருடைய பெரும் சாதனை வேறு. அவர் பிறந்த உலாஸ்ஸாய் என்ற மலைக்கிராமத்தின் தலைவர் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் கேட்டார். உயிரோடிருப்பவர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று லாய் பதில் சொன்னார். பேச்சு நீண்டது, கடைசியில் 1981 செப்டம்பர் 8 அன்று ஊர்க்காரர்கள் சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலத் துணிப் பட்டையை வீட்டுக்கு வீடு கட்டி, அதன் முனையை ஊருக்கு மேலே நிற்கும் மலையோடு பிணைத்தார்கள்.

தொடக்கத்தில் ஊரார் இணங்கவில்லை. பகை உள்ள வீட்டோடு எப்படிக் கட்டிக்கொள்வது என்று தயங்கினார்கள். அதற்கு ஒரு குறிமுறை முடிவாயிற்று. பக்கத்து வீட்டோடு உறவு சரியில்லை என்றால் பட்டை முடிச்சில்லாமல் நேராகக் கடந்துபோகும். நட்பு இருந்தால் ஒரு முடிச்சு. அன்பு இருந்தால் முடிச்சோடு அந்த ஊர்த் திருநாள்களில் சுடும் ரொட்டி ஒன்று தொங்கும். அன்று தெருவில் நடந்தவர் எவரும் ஒவ்வொரு வாசலையும் படிக்க முடிந்தது. முடிச்சு இல்லாத வீட்டின் அர்த்தமும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உலாஸ்ஸாயில் மூன்றே குறிகள் இருந்தன. ஆயிரக்கணக்கான மணிநேரத்தில் தைத்த பல கலைப்பொருள்களைவிட அவை தெளிவாகப் பேசின; காரணம், அவற்றின் பொருள் என்ன என்பதை நிச்சயித்தவர்கள் அவற்றைக் கட்டியவர்களும் படித்தவர்களுமே. அதன் குறை வெளிப்படையானது: அந்த மொழி ஒரு நாள்தான் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பவை புகைப்படங்களும் ஒரு குறும்படமும் ஊராரின் நினைவும்.

மொழியே கொடுக்கப்படாத ஒருவர் இழையில் வேலை செய்தால் அதை எப்படிப் பேசுவது என்பதில் விமர்சனம் அடிக்கடி இடறுகிறது. ஜூடித் ஸ்காட் 1943இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் இரட்டைப் பெண்களில் ஒருவராகப் பிறந்தார். அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது. சிறு வயதில் காய்ச்சலில் செவித்திறன் போனது. அது நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. வாய்மொழியில் வைத்த சோதனைகளில் அவர் தவறியதைக் கொண்டு கற்பிக்க இயலாதவர் என்று முடிவுகட்டி, ஏழு வயதில் விடுதியில் சேர்த்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே கழிந்தன. 1980களின் நடுவில் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் அவருக்குப் பொறுப்பேற்று கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். 1987இல் ஓக்லண்டு நகரின் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார். ஓவியத்தில் அவர் ஆர்வம் காட்டவில்லை. சில்வியா செவன்டி நடத்திய இழைப் பட்டறைக்கு வந்த பிறகு, 2005இல் இறக்கும்வரை நிறுத்தவே இல்லை.

கையில் கிடைத்த பொருளை எடுப்பார். அதைக் கம்பளி, கயிறு, துணிக் கீற்று என்று சுற்றிச் சுற்றி, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை கட்டுவார். சில படைப்புகள் ஆள் அளவுக்கு வளர்ந்தன. ஒருமுறை நூல் இல்லாதபோது காகிதத் துவாலைகளை முறுக்கி முடிச்சுப் போட்டு வெண்ணிறச் சிற்பம் ஒன்றைக் கட்டிவிட்டார். எங்கே இறுக்குவது, எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் வர வேண்டும், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. முடிந்ததும் ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். கலைஞர் ஒருவரின் தேர்வுகள் இவை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அவர் எந்தப் படைப்புக்கும் பெயர் வைக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. இரட்டை வடிவங்கள் சகோதரியைக் குறிப்பதாகவும், சுற்றிய பொதிகள் தாயின் வயிற்றைக் குறிப்பதாகவும் மற்றவர்கள் எழுதினார்கள். இருக்கலாம். இந்தச் சிற்பங்களை அவருடைய மொழி என்று அழைக்கும் பழக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது. விடுதியில் இருந்த ஆண்டுகளில் காது கேளாத அவருக்குச் சைகை மொழி கற்றுத்தரப்படவில்லை. அது ஓர் அமைப்பு செய்த அநீதி. சிற்பமே அவருக்கு மொழியாயிற்று என்று பாராட்டும்போது, இல்லாமல் போன உண்மையான மொழியின் கணக்கு தீர்ந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. ஈவ் கொசோஃப்ஸ்கி செஜ்விக் 2003இல் வெளியிட்ட 'டச்சிங் ஃபீலிங்' நூலின் அட்டையில் ஸ்காட் தன் சிற்பத்தைக் கட்டி அணைத்தபடி இருக்கும் படம் உண்டு. அந்த நூல் அந்தச் சிற்பத்துக்கு அர்த்தம் பொருத்த முயலாமல், தொடுதலைப் பற்றியே பேசுகிறது. ஸ்காட்டைப் பற்றிய எழுத்துகளில் அந்தத் தன்னடக்கம் மிக அரிது.

அருங்காட்சியக நடைமுறை இந்தக் குறைகள் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. துணி ஒளியில் வெளுக்கும், தொட்டால் எண்ணெய் ஏறும், பூச்சி அரிக்கும். ஆகவே மங்கிய விளக்கு, கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி மாட்டல். காப்பதற்கு இது தவிர்க்க முடியாதது. ஆனால் கொல்லாத்தா கிப்புவைப் போலத் தொட்டால்தான் புரியும் குறிகளும், அர்பியேராவைப் போலப் பின்பக்கத்தில் இருக்கும் பேச்சும், ரிஷ்டரின் சட்டையைப் போல உள்ளே தேய்ந்த எழுத்தும் அப்போது பார்வையாளருக்கு இல்லை. பிரதி ஒன்றைச் செய்து தொட விடுவதும், பின்பக்கப் படத்தை அருகில் வைப்பதும் பெரிய செலவில்லாத காரியங்கள். இன்னும் அவை விதிவிலக்காகவே இருக்கின்றன. உள்ளே போய்ப் படிக்க வேண்டிய எழுத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு: கலைஞர் டிரேசி எமின் 1995இல் செய்த கூடாரத்தில் தன்னோடு படுத்துறங்கிய 102 பேரின் பெயர்களைத் துணியில் வெட்டித் தைத்திருந்தார். அதில் பாட்டியும் இரட்டைச் சகோதரனும் உண்டு. அதைப் படிக்க ஆள் உள்ளே தவழ்ந்துபோக வேண்டும். 2004இல் லண்டன் கிடங்கு ஒன்றில் பிடித்த தீயில் அது எரிந்துபோனது. மீண்டும் செய்ய அவர் மறுத்துவிட்டார். இப்போது மிஞ்சியிருப்பவை புகைப்படங்கள்.

எய்ட்ஸ் நினைவுப் போர்வை இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்தது. கிளீவ் ஜோன்ஸ் முன்னெடுத்த அந்தப் பணியில் ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முதலில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். விரிக்கும்போது இறந்தவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொன்றாக வாசித்தார்கள். தைத்த பெயர் மறுபடி வாயால் சொல்லப்பட்டபோது துணியும் குரலும் ஒன்றை ஒன்று தாங்கின. கூட்டத்தில் நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர் வரும்வரை காத்திருந்தார்கள். எட்டுத் துண்டுகள் சேர்ந்தது பன்னிரண்டு அடிச் சதுரம் ஒன்று. இப்போது துண்டுகள் ஏறக்குறைய ஐம்பதாயிரம்; எடை ஐம்பது டன்னுக்கும் மேல். முழுவதையும் ஒரே இடத்தில் விரித்தது 1996 அக்டோபரில்தான் கடைசி. அதன்பின் சதுரம் சதுரமாகப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்வருகிறது. இணையத்தில் பெயரைத் தட்டினால் அந்தச் சதுரத்தின் முன்பக்கப் படம் வருகிறது.